பதினேழு வருட அனுபவத்துக்குப் பிறகு கணினி அறிவியல் பட்டம் எடுப்பதால் பயன் உண்டா?

திருநகர் நிரலர் (கேள்வி)

வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன், வயது 37. 2005இல் பிளஸ் டூ முடித்தபோது வீட்டு நிலைமை காரணமாகக் கல்லூரியில் சேர முடியவில்லை. பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மின்னியலில் டிப்ளமோ மட்டும் முடித்தேன். 2008இல் சிம்மக்கல் பகுதியில் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, விஷுவல் பேசிக் 6-இல் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கீழமாசி வீதியின் பருப்பு, பலசரக்கு மொத்தக் கடைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த மென்பொருள் முழுவதையும் சி ஷார்ப்பில் புதிதாக எழுதியவன் நான். 2019 முதல் வெளியூர் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது.

இந்த ஆண்டு அப்ரைசலில் என் மேலாளர் என்னை ஆர்க்கிடெக்ட் (மென்பொருள் வடிவமைப்பாளர்) பதவிக்குப் பரிந்துரைத்தார். அந்தப் பதவி நிலைக்கு நான்கு ஆண்டுப் பட்டம் அல்லது எம்சிஏ கட்டாயம் என்று எச்ஆர் (மனிதவள) பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. பதவி கிடைத்தவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்கள் நிரலை அவருக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். ஆனால் வீட்டில் இதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இன்னொரு சந்தேகமும் உள்ளுக்குள் இருக்கிறது, அதையும் மறைக்காமல் கேட்கிறேன். மொத்தக் கடைகளில் தேனி, உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறை வியாபாரிகள் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நிலுவையில் இருக்கும் பில்களில் எவையெவை சேர்ந்தால் அந்தத் தொகை வருகிறது என்று கண்டுபிடிக்க, எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கும் ஒரு நிரல் எழுதினேன். இருபது பில் வரை அது ஓடியது. 34 பில் நிலுவை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரிடம் அது அப்படியே நின்றுவிட்டது. 20க்கு மேல் இருந்தால் தேட வேண்டாம் என்று ஒரு தடை போட்டு முடித்துவிட்டேன். முறையாகப் படித்தவர் இதை வேறு மாதிரி செய்திருப்பாரா என்ற கேள்வி இன்றுவரை போகவில்லை.

மகள் தூங்கிய பின் இரவு ஒன்பதரை மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் எனக்கு நேரம் கிடைக்கும். இந்த நேரத்தைப் பட்டத்துக்குக் கொடுப்பது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இளந்தைக்குளம்

திருநகர் நண்பருக்கு வணக்கம். இளந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் உள்ள ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஆளெடுப்புக் குழுவில் இருந்தவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

சேவை நிறுவனங்கள் தம் ஆட்களின் நேரத்தை வாடிக்கையாளருக்கு விற்கின்றன. எந்தப் பதவிக்கு மணிக்கு எவ்வளவு என்ற பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்கும். பல ஒப்பந்தங்களில், அரசு டெண்டர்களில் குறிப்பாக, அந்தப் பதவியில் இருப்பவருக்கு இன்ன கல்வித் தகுதி வேண்டும் என்ற வரியும் இருக்கும். உங்கள் மேலாளருக்கு உங்கள் திறமை தெரியும். ஆனால் விதிவிலக்குக் கேட்டு மேலே கோப்பு அனுப்பினால் நாளை தன்னிடம் யாராவது கணக்குக் கேட்பார்களோ என்ற அச்சம் எச்ஆருக்கு இருக்கும். ஆகவே உங்களைத் தடுத்தது உங்கள் அறிவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன், எச்ஆரிடம் மின்னஞ்சலில் எழுத்துமூலம் கேளுங்கள். தொலைநிலையில் பெற்ற பட்டம் செல்லுமா, மூன்று ஆண்டு பிசிஏ போதுமா, பட்டத்தின் பெயரில் கணினி அறிவியல் என்றே இருக்க வேண்டுமா என்ற மூன்றுக்கும் பதில் வாங்குங்கள். நீங்கள் எழுதியபடி விதி இருந்தால் பிசிஏ மட்டும் படித்து உங்களுக்குப் பயன் இல்லை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிசிஏ குறைந்தது மூன்று ஆண்டு, அதன் மேல் எம்சிஏ இரண்டு ஆண்டு என்று கூட்டினால் எல்லாத் தாளும் முதல் முயற்சியிலேயே தேறினாலும் உங்களுக்கு வயது 42 ஆகிவிடும். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டம் இப்போது நான்கு ஆண்டு பிஎஸ் பட்டமாக இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பும் இல்லை. ஆனால் அதன் பெயர் தரவு அறிவியல் என்பதால் மேற்சொன்ன மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த அறிவிப்பைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டத்தின் கதை வேறு. அஞ்சல்வழியில் பெறும் பொறியியல் பட்டம் செல்லாது என்பது 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். எனவே வீட்டிலிருந்தே பிஇ என்றோ, ஒரே ஆண்டில் டிகிரி என்றோ சுவரொட்டி ஒட்டுபவர்களின் எண்ணைத் தொலைபேசியில் சேமிக்கக்கூட வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டம் இல்லாதவருக்குப் பதவிதான் தள்ளிப்போகும்; போலிப் பட்டம் காட்டியவர் இருந்த வேலையையும் இழந்து போனார்.

இன்னொரு வழி, நிறுவனத்தை மாற்றுவது. சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் பட்டத்தைப் பெரிதாகக் கேட்பதில்லை. ஜோஹோ பல ஆண்டுகளாகப் பட்டம் இல்லாத மாணவர்களைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துவருவதும், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துவதும் நம் வட்டாரத்துக்குத் தெரிந்த செய்திதான். நேர்முகத் தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் தயார் செய்வதையும் ஐந்து ஆண்டுப் படிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டு எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் ஓர் ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கு மூன்று ஆண்டுத் துறை அனுபவத்தை ஈடாகக் காட்டும் வழி உண்டு. பட்டமே இல்லாதவருக்கு அது பன்னிரண்டு ஆண்டாகும். உங்களிடம் பதினேழு இருக்கிறது, ஆனால் சிம்மக்கல் கடையிலிருந்து அனுபவக் கடிதம் வாங்க முடியுமா என்பதை நீங்களே யோசியுங்கள். ஜெர்மனி 2023 நவம்பர் முதல், கடந்த ஏழு ஆண்டுகளில் குறைந்தது மூன்று ஆண்டு ஐடி அனுபவம் உள்ளவருக்குப் பட்டம் இல்லாமலே நீல அட்டை (வேலை செய்து தங்குவதற்கான அனுமதி) கிடைக்க வழி செய்திருக்கிறது. சம்பள வரம்பு உண்டு. கனடாவின் புள்ளி முறையில் படிப்புக்குத் தனிப் புள்ளி இருப்பதால் அங்கே பட்டம் இல்லாதவர் பின்தங்கிவிடுவார்.

திருமங்கலத்துக்காரர்

தம்பி, நான் எட்டுப் பேரை வைத்துச் சொந்தமாக மென்பொருள் தொழில் நடத்துகிறேன். ஒருவரின் சான்றிதழையும் இதுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பிழை உள்ள ஒரு நிரலைக் கொடுத்து ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். முதல் வகுப்பில் தேறி வந்த ஒருவருக்கு நம் டேட்டாபேஸைப் பேக்கப் எடுக்கத் தெரியவில்லை. ஒரு மாதச் சரக்குக் கணக்கு போய்விட்டது. ஜிஎஸ்டி வந்த நேரத்தில் ஒரு மென்பொருளை முழுதாகத் திருப்பி எழுதியவருக்கு இனி என்ன பாடம் இருக்கிறது? அந்த நேரத்தைத் தொழிலில் போடுங்கள், அல்லது மகளோடு இருங்கள்.

கணிப்பொறி ஆசிரியை

மதுரையில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளாகக் கணினி அறிவியல் கற்பித்து வருகிறேன். திருமங்கலத்து அண்ணன் சொல்வதை எட்டுப் பேர் கொண்ட நிறுவனத்துக்கு முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி என்ன பாடம் இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, கேள்வி கேட்டவர் தாமே கொடுத்த உதாரணத்தை வைத்துப் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்த 34 பில் விஷயத்தைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அதைவிட நல்ல உதாரணத்தை வகுப்பில் என்னால் உருவாக்க முடியாது.

ஒவ்வொரு பில்லையும் சேர்ப்பது அல்லது விடுவது என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. இருபது பில்லுக்கு 10,48,576 சேர்க்கைகள். கணினி ஒரு நொடிக்குள் முடித்துவிடும். 34 பில்லுக்கு அந்த எண் 1,717 கோடியைத் தாண்டுகிறது. ஒரு பில் கூடும்போதெல்லாம் வேலை இரட்டிப்பாவதால், விலை உயர்ந்த கணினி வாங்கினாலும் நான்கைந்து பில் கூடுதலாகத் தாங்குமே தவிர அதற்கு மேல் பயன் இல்லை. இந்தக் கணக்குக்குச் சப்செட் சம் என்று பெயர். ரிச்சர்ட் கார்ப் 1972இல் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் நேப்சாக் என்ற பெயரில் இருப்பது இதே கணக்குதான். எல்லா நிலையிலும் வேகமாக ஓடும் வழி இதற்கு இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. எனவே உங்கள் நிரல் நின்றுபோனது உங்கள் குறைபாட்டினால் அல்ல. பெயர் தெரிந்திருந்தால் உங்களுக்கு ஒரே மாலையில் இரண்டு வழிகள் கிடைத்திருக்கும். பில்களைப் பதினேழு பதினேழாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் 1,31,072 கூட்டுத்தொகைகளை எழுதி வரிசைப்படுத்தி இரண்டையும் பொருத்திப் பார்ப்பது ஒன்று. பில் தொகைகள் முழு ரூபாயாக இருப்பதைப் பயன்படுத்தி, வியாபாரி கொடுத்தது 2,80,000 ரூபாய் என்றால் ஒரு ரூபாயிலிருந்து அதுவரை எந்தெந்தத் தொகை சாத்தியம் என்று அட்டவணை நிரப்புவது மற்றொன்று. 34 பில்லுக்கு அது ஏறத்தாழ 95 லட்சம் படிகள், கண் இமைக்கும் நேரம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. அந்த 34 பில்லின் மொத்த மதிப்பு ஆறு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ரூபாயில் ஆறு லட்சம் வெவ்வேறு கூட்டுத்தொகைகள்தான் இருக்க முடியும். சேர்க்கைகளோ 1,717 கோடி. சராசரியாக ஒவ்வொரு தொகைக்கும் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வந்து விழுகின்றன. புறாக்களை விடக் கூண்டுகள் குறைவாக இருந்தால் ஒரே கூண்டில் பல புறாக்கள் அடைய வேண்டிவரும் என்று டிஸ்கிரீட் மேத்ஸில் முதல் மாதமே சொல்லிக் கொடுப்போம். ஆகவே உங்கள் நிரல் நிற்காமல் ஓடி ஒரு விடையைக் கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் தவறான பில்களை அடைத்திருக்கும்! வியாபாரி எந்தப் பில்லுக்குப் பணம் கொடுத்தார் என்பது அந்தத் தொகைக்குள் இல்லவே இல்லை. அதை வேகமாகத் தேடும் வழியைக் கேட்பதை விட, தேடத்தான் வேண்டுமா என்று கேட்கும் பழக்கத்தையே இந்தப் படிப்பு தர வேண்டும்.

தர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். உங்கள் பில் கணக்கை முன்னால் வைத்தால் புறாக்கூண்டு நினைவுக்கு வருபவர்கள் வகுப்புக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். பதினெட்டு வயதில் பாடம் இருக்கிறது, கணக்கு இல்லை. உங்களிடம் பதினேழு வருடக் கணக்குகள் இருக்கின்றன, பாடம் இல்லை. பாடம் உங்களுக்கு வேகமாக ஏறும் என்பது என் அனுபவம். எங்கள் மாலை வகுப்புகளுக்கு வேலையிலிருந்து வந்தவர்கள் குறைவாகவே படித்தார்கள், ஆனால் படித்ததைக் கேள்வியாகத் திருப்பிக் கேட்டார்கள்.

பாடம் மட்டும் போதும் என்றால் பட்டம் தேவையில்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன; விரும்பினால் கட்டணம் செலுத்தி நேரில் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். எதைப் படிப்பது என்ற குழப்பத்துக்கு கேட் தேர்வின் (பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) கணினி அறிவியல் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், டிஸ்கிரீட் மேத்ஸ் என்ற ஐந்தையும் முதலில் முடித்துவிட்டு, கம்பைலர், ஆட்டோமேட்டா இரண்டையும் பிறகு பார்க்கலாம். ஆனால் தேர்வும் கெடுவும் இல்லாமல் இரவு ஒன்பதரைக்குத் தொடர்ந்து படிப்பவர் அரிது. அந்தக் கட்டாயத்துக்காகவே பலர் கட்டணம் கட்டுகிறார்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை.

மேலூரான்

டீச்சர் எழுதிய கடைசி வரி என் கதை. நான் பி.காம் படித்தவன், பன்னிரண்டு ஆண்டு நிரல் எழுதிய பிறகு சென்னை ஐஐடியின் அந்த பிஎஸ் படிப்பில் சேர்ந்தேன். நான்கு வாரம் படித்து நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று பருவங்கள். வகுப்புகள் இணையத்தில், தேர்வுகள் நேரில். பைத்தான் எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது. புள்ளியியல் இரண்டாம் தாளில் தோற்று மறுபடி எழுதினேன். இருபது வருடமாகத் தொடாத நிகழ்தகவை இரவு பதினொரு மணிக்குப் படிப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதால் மூன்று காதுகுத்துக்குப் போகவில்லை. ஒரு மாமா இன்னும் பேசுவதில்லை.

சம்பளம் ஏறவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ நிலையை முடித்ததும் எச்ஆரிடம் சான்றிதழைக் கொடுத்தேன். கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வேலையில் ஒன்று மாறியது. எங்கள் மென்பொருளில் இரண்டு கவுண்ட்டரில் ஒரே நேரத்தில் கடைசி மூட்டைக்குப் பில் போட்டால் இருப்பு மைனஸில் போகும். மாதத்துக்கு ஒரு முறை நடக்கும், கையால் திருத்திவிடுவோம். டேட்டாபேஸ் பாடத்தில் டிரான்ஸாக்‌ஷன், ஐசொலேஷன் லெவல் (ஒரே தரவை இருவர் தொடும்போது ஒருவர் வேலை மற்றவருடையதைக் கெடுக்காமல் காக்கும் முறைகள்) வந்த வாரம்தான், ஒருவர் இருப்பைப் படித்த பிறகும் எழுதும் முன்பும் மற்றவர் நுழைகிறார் என்பது எனக்குப் படமாகத் தெரிந்தது. நிரல் இருப்பைப் படிக்கும்போதே டேட்டாபேஸில் அந்த வரிசையைப் பூட்டும்படி ஒரு வரி மாற்றினேன். அதன் பிறகு மைனஸ் வரவில்லை. அந்தப் பிழையை ஏழு வருடம் நான் நெட்வொர்க் கோளாறு என்று நம்பியிருந்தேன்.

திருநகர் நண்பருக்கு ஒரு வசதி: சான்றிதழ், டிப்ளமோ, பிஎஸ்ஸி, பிஎஸ் என்று எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம். சமூகப் பிரிவு, குடும்ப வருமானம் ஆகியவற்றைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரு பருவத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நான் நான்கு எடுத்துவிட்டு இரண்டை விட்டேன்.

திருநகர் நிரலர்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்துப் பதில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எச்ஆரின் பதிலுக்காகக் காத்திருந்தேன். தொலைநிலை, இணையவழிப் பட்டம் அங்கீகாரத்தோடு இருந்தால் ஏற்போம், மூன்று ஆண்டுப் பட்டம் மட்டும் போதாது, நான்கு ஆண்டுப் பட்டத்தின் துறை எதுவாக இருந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறார்கள். துறை எதுவானாலும் சரி என்ற வரியை இரண்டு முறை படித்துச் சிரித்துவிட்டேன், இளந்தைக்குளம் சார் சொன்னது அப்படியே இருக்கிறது. ஆகையால் பதவிக்காக இந்த நிறுவனத்தில் நான்கு ஆண்டு காத்திருக்கப் போவதில்லை. ரெஸ்யூமேயைத் திருத்தி மூன்று இடங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். படிப்பைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். அடுத்த பருவத்தின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தாயிற்று, மேலூர் நண்பர் சொன்னபடி இரண்டு பாடம்தான்.

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் கீழமாசி வீதிக் கடைக்கே போய், தொகை மட்டும் வந்தால் எந்தப் பில்லில் வரவு வைப்பீர்கள் என்று கணக்குப்பிள்ளை ஐயாவிடம் கேட்டேன். பழைய பில்லிலிருந்து கழித்துக்கொண்டே வருவேன், மீதம் நின்றால் அடுத்த பில்லில் பாதி வரவு, சந்தேகம் வந்தால் வியாபாரிக்கு ஒரு போன், என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லையே தம்பி என்றார். அன்று இரவே 340 வரி நிரலை நீக்கிவிட்டு 22 வரியில் அதை எழுதினேன். 20 பில் என்ற தடையும் அதோடு போய்விட்டது.